பையனை விட்டுவிட்டு எங்கேயும் போகமாட்டேன், அக்கா

வாசகர் கடிதம்:

“அக்கா, எனக்கு 33 வயது. பனியன் கம்பெனியில் டைலர். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பையன் எட்டாவது படிக்கிறான், 13 வயது. பாப்பாவுக்கு 6. கல்யாணமான ரெண்டாம் வருசத்திலிருந்து அடிதான். குடித்தாலும் அடி, குடிக்காவிட்டாலும் அடி. என் சம்பளம் விழும் ஏடிஎம் கார்டு அவரிடம்தான் இருக்கிறது. போன மாதம் ஒரு நாள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு வைத்து நெரித்துவிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் சரியாகிவிட்டது. அம்மா வீட்டுக்குப் போனால் இரண்டாம் நாளே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். அண்ணனும் அனுசரித்துப் போ என்கிறான். ஸ்டேஷனுக்கும் ஒரு தடவை போனேன். இனிமேல் அடிக்கமாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டார்கள். கவர்மென்ட் ஹோம் இருக்கிறது, அங்கே போ என்று கூட வேலை செய்யும் அக்கா சொல்கிறார். அங்கே போனால் அடைத்து வைப்பார்களா? கேஸ் போடாமல் சேர்ப்பார்களா? காசு கேட்பார்களா? பையனைப் பிரித்துவிடுவார்கள் என்கிறார்களே, நிஜமா? அவனை விட்டுவிட்டு நான் எங்கேயும் போகமாட்டேன்.”

அன்புத் தங்கைக்கு,

உங்கள் ஊர்ப் பெயரையும் கம்பெனியைப் பற்றிய விவரங்களையும் எடுத்துவிட்டுத்தான் கடிதத்தைப் போட்டிருக்கிறேன். தோழியின் போனிலிருந்து எழுதியது நல்ல காரியம். இனியும் அதிலிருந்தே எழுதுங்கள்.

ஹோம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், எல்லாம் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் கழுத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஏடிஎம் கார்டுக்கும் அம்மா வீட்டுக்கும் நடுவில் ஒரே வரியில் அதை எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. “கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை” என்றால் மூளைக்கு ரத்தமும் காற்றும் போகாமல் நின்றிருக்கிறது என்று அர்த்தம். அறையும் உதையும் ஒரு கணக்கு, கழுத்தை நெரிப்பது வேறு கணக்கு. ஒரு தடவை கழுத்தை நெரித்த ஆணின் கையால் அந்தப் பெண்ணின் உயிரே போகும் ஆபத்து, நெரிக்காதவர்களோடு ஒப்பிட்டால் பல மடங்கு அதிகம் என்று இதை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. “இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடும் நிலையில் நீங்கள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கழுத்தில் தடம் விழாமலே உள்ளே காயம் பட்டிருக்கலாம். குரல் கம்மிப்போயிருக்கிறதா? விழுங்கும்போது வலிக்கிறதா? கண்ணின் வெள்ளையில் சிவப்புப் புள்ளி வந்ததா? தலைசுற்றல், மறதி, கை கால் மரத்துப்போவது ஏதாவது உண்டா? இதில் ஒன்று இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி, அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாதீர்கள். “கணவர் கழுத்தை நெரித்தார், நினைவு தப்பியது, இந்தத் தேதியில்” என்று டாக்டரிடம் சொல்லி, ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், பதியச் சொல்லுங்கள். புகார் கொடுக்கவில்லை என்பதைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்ப மருத்துவமனைக்கு உரிமை இல்லை. பரிசோதனை அறிக்கையின் நகலையும் இலவசமாகத் தர வேண்டும். அந்த நகல் உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது, தோழியிடம் இருக்கட்டும்.

சரி, இப்போது ஹோம்.

நம் ஊரில் எல்லாவற்றையும் ஹோம் என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உங்களுக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. முதலாவது ஒருங்கிணைந்த சேவை மையம். சகி சென்டர், ஓ.எஸ்.சி. என்றெல்லாம் சொல்வார்கள். 2015இல் தொடங்கிய திட்டம், இப்போது தமிழ்நாட்டின் மாவட்டங்களில் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் போகலாம், அதிகபட்சம் 5 நாள் தங்கலாம். ஆற்றுப்படுத்துநர், வக்கீல் உதவி, மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஆள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். இரண்டாவது, மாதக்கணக்கில் தங்கும் இல்லம். முன்பு சுவாதார் இல்லம் என்பார்கள், 2022க்குப் பிறகு சக்தி சதன் என்ற பெயரில் நடக்கிறது. இது போகத் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்களும் உண்டு. சென்னையில் பி.சி.வி.சி. அமைப்பு 2001இலிருந்து இந்த வேலையைச் செய்து வருகிறது. அரசுத் திட்டத்தில் நடக்கும் இந்த இடங்களில் தங்கவும் சாப்பிடவும் காசு கிடையாது. கேட்டால் பெண்கள் உதவி எண் 181க்குச் சொல்லுங்கள்.

அடைத்து வைப்பார்களா என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன். கேட் பூட்டியிருக்கும். வாட்ச்மேன் இருப்பார். வெளியே போனால் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பல இல்லங்களில் போனை ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் தருவார்கள். சமையல், கூட்டிப் பெருக்குவது எல்லாம் முறை வைத்து நடக்கும். ஒரே கூடத்தில் எட்டுப் பேர், பத்துப் பேர் படுக்க வேண்டியிருக்கும். சில வார்டன்கள் அன்பானவர்கள், சிலர் அதட்டுவார்கள். இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால், முதல் நாளே மனம் தளர்ந்து திரும்ப மாட்டீர்கள். ஆனால் அந்தப் பூட்டு வெளியாள் உள்ளே வராமல் இருப்பதற்கு. நீங்கள் 18 வயது தாண்டிய பெண், சொந்த விருப்பத்தில் வந்தவர். கிளம்புகிறேன் என்று நீங்கள் சொன்னால் பிடித்து வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. சேரும்போதே மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: வேலைக்குப் போக விடுவீர்களா, போன் எப்போது கையில் கிடைக்கும், பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும்.

சேவை மையத்தில் வேலை பார்த்த காலத்தில் ஓர் இரவு ஒரு அம்மாவும் ஐந்து வயதுப் பெண் குழந்தையும் வந்தார்கள். ஒரு ஒயர் கூடை, அதில் இரண்டு செட் துணி, பாலித்தீன் கவரில் சுற்றிய ரேஷன் கார்டு. குழந்தை செருப்பைக் கழற்ற மாட்டேன் என்றது. செருப்போடுதான் பாயில் படுத்தது, அதைக் கழற்றப் போனால் தூக்கத்திலேயே காலை இழுத்துக்கொண்டது. எப்போது வேண்டுமானாலும் ஓட வேண்டியிருக்கும் என்று அந்தக் காலுக்குப் பழகிப்போயிருந்தது. நாலாம் நாள் ராத்திரி அதுவாகவே கழற்றி, சுவர் ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுப் படுத்தது. கூட்டம், அதட்டல், சுமாரான சாம்பார் எல்லாம் இருந்தும் நான் இந்த இடங்களை நம்பிப் பரிந்துரைப்பது அந்த ஒரு ஜோடிச் செருப்பை நினைத்துத்தான்.

கேஸ் போடாமல் சேர்ப்பார்களா? சேர்க்க வேண்டும். பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 6ஆம் பிரிவுப்படி, பாதிக்கப்பட்ட பெண்ணோ, அவளுக்காகப் பாதுகாப்பு அலுவலரோ (இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்திருக்கும் அலுவலர்) தங்குமிடம் கேட்டால் இல்லப் பொறுப்பாளர் தந்தாக வேண்டும். டி.ஐ.ஆர். எனப்படும் சம்பவ அறிக்கை இன்னும் பதியவில்லை என்பதற்காக இடம் மறுக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் விதி 16 சொல்கிறது. நீங்கள் அங்கே இருப்பதைக் கணவருக்குச் சொல்லக் கூடாது என்று நீங்கள் கேட்டுக்கொண்டால் சொல்லாமல் இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. “எஃப்.ஐ.ஆர். காப்பி கொண்டு வாம்மா” என்று யாராவது கேட்டால், “விதி 16 பார்த்துச் சொல்லுங்க மேடம்” என்று நிதானமாகக் கேளுங்கள். நீங்கள் கேட்பது பிச்சை இல்லை தங்கச்சி, தலை குனிந்து கேட்க வேண்டியதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் வன்முறை பட்டவர்கள். இத்தனை பேருக்காகத்தான் அந்த விதியை எழுதி வைத்திருக்கிறார்கள்.

இனி பையன். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. பெண் பிள்ளைகள் 18 வயது வரை அம்மாவோடு தங்கலாம். ஆண் பிள்ளைகளுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள், இடத்துக்கு இடம் 8 அல்லது 12. 13 வயதுப் பையனைப் பெண்கள் இல்லத்தில் சேர்க்க மாட்டார்கள். கூடத்தில் படுத்திருக்கும் மற்ற பெண்களை நினைத்து வைத்த விதி, அதன் காரணம் புரிகிறது. ஆனாலும் அந்த விதியால் வாசல் வரை வந்து திரும்பிய ஒரு தாயை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டோ பதிமூன்றோ வயதுப் பையன், ஸ்கூல் பேக்கை மார்போடு கட்டிக்கொண்டு நின்றான். “நீ பாப்பாவைக் கூட்டிட்டு உள்ள போம்மா, நான் பஸ் ஸ்டாண்டுல இருந்துக்கிறேன்” என்றான். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, விட்டு வந்த வீட்டுக்கே போய்விட்டார். பையனுக்கு என்ன வழி என்று அன்று இரவே யோசித்து வைக்காதது எங்கள் தவறு. அதனால்தான் உங்களுக்கு முதலிலேயே சொல்கிறேன்: பையனுக்கு ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள், கிளம்பிவிட்டு யோசிக்காதீர்கள்.

என்ன ஏற்பாடு? உங்கள் நிலைமைக்கு எனக்குச் சரியென்று படுவது இது. நீங்கள் சம்பாதிக்கிறீர்கள். மாதக்கணக்கில் ஹோமில் இருக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லாமல் போகலாம். முதல் ஐந்து நாளைக்கு நீங்களும் பாப்பாவும் சேவை மையத்தில், பையன் உங்கள் கணவருக்கு வீடு தெரியாத யாராவது ஒருவரிடம். பெரியம்மா மகளோ, கூட வேலை செய்யும் அந்த அக்காவோ, யாராவது இருப்பார்கள். அந்த ஐந்து நாளுக்குள் பாதுகாப்பு அலுவலர் மூலம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போடுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில், பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே அவர் இருப்பார். மனுவில் அதே சட்டத்தின் 19ஆம் பிரிவின் கீழ் கேட்க வேண்டியது இதுதான்: ஒன்று, அவர் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். அல்லது நீங்களும் இரண்டு பிள்ளைகளும் வேறு வீட்டில் இருக்க அவர் வாடகை தர வேண்டும். நீங்கள் இருப்பது வாடகை வீடு என்றால் தயங்காதீர்கள், சேர்ந்து வாழ்ந்த வீடு வாடகை வீடாக இருந்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். மாமனார் மாமியார் பெயரில் உள்ள வீட்டில்கூட மருமகளுக்குத் தங்கும் உரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களைவிட்டு அவர் போக வேண்டும் என்று கேட்கும் வழி ஒன்று இருக்கிறது என்பதே நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. எல்லோரும் பெண்ணைத்தான் “எங்கேயாவது போ” என்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் உங்களோடு ஒரே கூரையின் கீழ் இருக்க இதுதான் நேர்வழி.

அந்த மனுவிலேயே பாதுகாப்பு உத்தரவும், பிள்ளைகள் உங்களிடம் இருப்பதற்கான இடைக்கால உத்தரவும் கேளுங்கள். முதல் விசாரணை 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். அதனால்தான் இடைக்கால உத்தரவை முதல் நாளே, எழுத்தில் கேட்க வேண்டும் என்கிறேன். வக்கீலுக்குக் காசு தேட வேண்டாம், பெண் என்றாலே வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது இலவசச் சட்ட உதவி எண் 15100க்குப் பேசுங்கள். தற்காலிகமாகத் தங்கும் ஊரிலேயே மனுப் போடலாம். இது அவரை உடனே ஜெயிலில் போடும் கேஸ் இல்லை. கோர்ட்டின் பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. “கேஸ்” என்றதும் உங்கள் அம்மா பயந்தால் இதை அவரிடம் சொல்லுங்கள்.

பையனை விட நம்பிக்கையான வீடு ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால், குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசி மாவட்டக் குழந்தைகள் நலக் குழு மூலம் கொஞ்ச நாள் சிறுவர் இல்லத்தில் வைக்கலாம். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான அரசு விடுதிகளில் இடம் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். அப்படிச் செய்தால் எழுதிக் கொடுக்கும் காகிதத்தில் கவனம் வேண்டும். “பிள்ளையை வளர்க்க முடியவில்லை” என்று ஒரு நாளும் எழுதாதீர்கள். “எனக்குப் பாதுகாப்பான இடம் அமையும்வரை” என்று எழுதுங்கள். பார்க்க வரும் நாட்களையும் அதிலேயே கேட்டு வாங்குங்கள். நீங்கள் அவனைப் பிரியவில்லை, கொஞ்ச நாள் அவனை வேறு இடத்தில் படுக்க வைக்கிறீர்கள்.

எந்த ஏற்பாடு ஆனாலும் கிளம்புகிற அன்று அவனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பாதீர்கள். மத்தியானமே அப்பா போய்க் கூட்டி வந்துவிடுவார். கோர்ட் உத்தரவு கையில் இல்லாமல் பள்ளியால் அவரைத் தடுக்க முடியாது. பள்ளி மாற வேண்டியிருந்தால், டி.சி. தாமதமாகிறது என்பதைக் காட்டி எட்டாம் வகுப்புவரை எந்த அரசுப் பள்ளியும், அரசு உதவி பெறும் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது. அதற்காக முன்கூட்டியே டி.சி. கேட்டு அவருக்குத் துப்புக் கொடுத்துவிடாதீர்கள்.

கிளம்புவது எப்படி என்று ஒரு வார்த்தை. அடிக்கிற ஆள் மிகவும் மூர்க்கமாவது அவள் போகப்போகிறாள் என்று தெரியும்போதுதான். சண்டையில் கோபத்தில்கூட “ஹோமுக்குப் போயிடுவேன்” என்று சொல்லிவிடாதீர்கள். ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பேங்க் பாஸ்புக், ரேஷன் கார்டு, இ.எஸ்.ஐ. அட்டை எல்லாவற்றையும் தோழியின் போனில் படம் எடுத்து வையுங்கள். ஒரு பையில் இரண்டு செட் துணியையும் பிள்ளைகளின் மருந்தையும் போட்டுத் தோழி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பஸ்ஸுக்குக் காசில்லை என்று நிற்க வேண்டாம், விடியல் பயணத்தில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லையே. பழைய ஏடிஎம் கார்டை முடக்குவதும், கணக்கில் உள்ள போன் நம்பரை மாற்றுவதும் கிளம்பிய பிறகுதான். முன்பே செய்தால் அவர் போனுக்கு மெசேஜ் போகும். கம்பெனியில் சம்பளத்தை வேறு கணக்கில் போடச் சொல்வதும் அன்றைக்குத்தான். உங்கள் போனில் அவருக்கு லொகேஷன் போகிறதா, அவர் போனிலும் உங்கள் ஜிமெயில் திறந்திருக்கிறதா என்று தோழியிடம் காட்டிப் பாருங்கள். தெரியவில்லை என்றால் போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நீங்கள் போன மறுநாள் அவர் “மனைவியைக் காணவில்லை” என்று ஸ்டேஷனில் புகார் கொடுப்பார். பெரும்பாலும் கொடுப்பார்கள். அப்புறம் போலீஸ் போன் வந்தால் பதறி வீட்டுக்குத் திரும்பாதீர்கள். “நான் சொந்த விருப்பத்தில் வந்தேன், பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள், நான் இருக்கும் இடத்தை அவருக்குச் சொல்ல வேண்டாம்” என்று எழுதிச் சேவை மையம் வழியாக ஸ்டேஷனுக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். போன தடவை எழுதி வாங்கினார்களே, அப்போது உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் அது முக்கியமான காகிதம், தொலைத்துவிடாதீர்கள். நீங்கள் ஏற்கெனவே ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

181க்கு எந்நேரமும் கூப்பிடலாம், இலவசம். என்ன பேசுவது என்று தெரியாமல் நிறையப் பேர் வைத்துவிடுகிறார்கள். இப்படிச் சொல்லுங்கள்: “கணவர் கழுத்தை நெரித்தார். எனக்கும் 6 வயதுப் பெண்ணுக்கும் தங்க இடம் வேண்டும். 13 வயதுப் பையன் இருக்கிறான், அவனுக்கும் வழி சொல்லுங்கள். இந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடாதீர்கள்.” பையனின் வயதைக் குறைத்துச் சொல்லத் தோன்றும். வேண்டாம், வாசலில் போய்த் தெரியும். அங்கே யாராவது “ரெண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசலாமே” என்றால், அவரோடு ஒரே அறையில் உட்கார எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிடுங்கள். மறுப்பதால் உங்களுக்கு எந்த உதவியும் நின்றுபோகாது.

பையனிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதை நினைத்துக்கொண்டுதான் இருப்பீர்கள். கிளம்பும் நாளை அவனிடம் முன்பே சொல்ல வேண்டாம். அப்பாவிடம் மறைத்துவைக்கும் பாரத்தை அவன் சுமக்கக் கூடாது. இன்றைக்கே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: சத்தம் கேட்டால் நடுவில் வந்து நிற்காதே, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போ, அங்கிருந்து 112க்குப் போன் பண்ணு. இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம், நாளைக்கு லீவு கிடைக்காவிட்டால் பர்மிஷன் போட்டுக்கொண்டாவது ஜி.எச். போய்க் கழுத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா